அருந்ததி புத்தகம் விற்ற விதம்

உடையார்கட்டுச் சந்தியிலிருந்து உள்ளே போகிற கிரவல் மண் வீதியில் அருந்ததியின் வீடு இருக்கிறது. சொந்தக் காணி, வற்றாத கிணறு, பின்வளவில் ஒரு துண்டு கச்சான் கடலைத் தோட்டம், மாதம் தவறாமல் கனடாவிலிருந்து மகள் அனுப்புகிற காசு. ஊருக்குள் கேட்டால், "அவாவுக்கென்ன குறை" என்பார்கள். குறை ஒன்றே ஒன்றுதான். பேச ஆளில்லை. அந்த ஒரு குறை வந்துவிட்டால் மற்ற நிறைவெல்லாம் பெயருக்குத்தான் என்பது, ஒரு ஆளுக்கென்று அரிசி அளந்து போடுகிறவர்களுக்கு மட்டும் தெரியும்.

கணவர் கனகலிங்கம் நீரிழிவு முற்றிப் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் யதுர்ஷிகா ஏ.எல். என்கிற உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தாள். வைத்தியபீடம் மயிரிழையில் தவறியது, இரண்டாந்தரமும் தவறியது, பிறகு கலியாணமாகிக் கனடாவுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். சாப்பிட்டீர்களா என்று கேட்பாள், இவள் ஓம் என்பாள். குளிரா என்று இவள் கேட்பாள், அவள் ஓம் என்பாள். அதற்குள் அருந்ததிக்கு அழுகை வந்துவிடும். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கனடா வரைக்கும் கேட்கும். உடனே மகள், "வேற என்ன அம்மா" என்பாள். எங்கள் பக்கத்தில் போனில் ஒருவர் "வேற என்ன" என்றால், கதவைச் சாத்தப் போகிறேன், விரலை எடுத்துக்கொள் என்று பொருள்.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை, வேறு பேச்சு அகப்படாமல், அலுமாரிக்குப் பக்கத்துச் சுவரில் கறையான் ஏறுகிறது என்று அருந்ததி சொன்னாள்.

"என்ர ஏ.எல். புத்தகங்கள் எல்லாம் அங்கதானே அம்மா கிடக்குது?"

"ஓம் பிள்ளை. ஒண்டையும் எறியேல்லை."

"ஏன் வைச்சுக்கொண்டிருக்கிறியள்? முகநூலில போட்டு வில்லுங்கோ. இப்பத்த விலைக்குப் புதுசு வாங்கேலாமப் பிள்ளையள் பழசுதான் தேடித் திரியுதுகள்."

"எனக்கு உதெல்லாம் எங்க தெரியும்?"

"நான் சொல்லித்தாறன்."

அடுத்த நாள் திங்கட்கிழமை. பின்னேரம் விளக்கு வைக்கிற நேரத்தில் போன் அடித்தது. ஞாயிறு அல்லாத நாளில் மகளின் பெயரைத் திரையில் கண்டதும் அருந்ததி தீப்பெட்டியைக் கீழே வைத்தாள். ஏதும் விபரீதமோ என்று பயந்துகொண்டே எடுத்தாள். விபரீதம் ஒன்றுமில்லை. அங்கே காலை, மகள் வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்தாள், புத்தகங்களைப் படம் பிடித்தாயிற்றா என்று கேட்கத்தான் எடுத்திருந்தாள்.

படம் பிடித்தாயிற்று. குசினிக்குள், மங்கல் பல்ப்புக்குக் கீழே, தேங்காய் துருவுகிற பலகையில் வைத்து.

"அம்மா, உது புத்தகமோ, இல்லாட்டிச் செத்தவீட்டில எடுத்த படமோ? காலமை வெயிலுக்க கிணத்துக்கட்டில வைச்சு எடுங்கோ. முன் அட்டை ஒண்டு, உள்ளடக்கம் ஒண்டு, ஆகலும் மோசமான பக்கம் ஒண்டு."

"மோசமானதை ஏன் பிள்ளை காட்டுவான்? அதை ஒளிச்செல்லோ வைக்கவேணும்."

"அதைக் காட்டினாத்தான் மிச்சத்தை நம்புவினம்."

சம்பந்தம் பேசுகிற இடங்களிலும் இந்த முறையைக் கைக்கொண்டிருந்தால் ஊரில் பாதி வழக்குக் குறைந்திருக்கும். ஆனால் அருந்ததி அதை யோசிக்கவில்லை. மகள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாளே என்பதைத்தான் யோசித்தாள்.

அந்த வாரம் முழுக்கப் பாடம் நடந்தது. எந்தப் பாடத்திட்டம், எந்த ஆண்டுப் பரீட்சைக்குப் படித்த புத்தகம் என்பதை முதல் வரியிலேயே எழுதவேண்டும். பழைய பாடத்திட்டமென்று தெரியாமல் வாங்கிவிட்டால் பிள்ளை ஒரு வருசத்தை இழக்கும். பென்சிலால் எழுதிய குறிப்பு குறையில்லை, நல்ல வாத்தியாரின் வகுப்பில் எழுதியதென்று சொன்னால் அதுவே விலை கூட்டித் தரும். உள்ளே எழுதியிருக்கிற பெயரையும் பழைய போன் நம்பரையும் கிறுக்கி மறைக்கவேண்டும். புத்தகங்களைத் தனித்தனியாகப் போடாமல் பாடவாரியாகக் கட்டவேண்டும், தனித்தனியாகப் போட்டால் நல்லது போய்விடும், நோஞ்சான் நம்மிடம் நிற்கும். "இருக்கா?" என்று கேட்கிறவர்களில் அரைவாசிப் பேர் சும்மா கேட்கிறவர்கள், அதற்காகக் கோபிக்கக் கூடாது. "கடைசி விலை என்ன?" என்று கேட்பார்கள், அதற்காக முதலிலேயே கொஞ்சம் கூட்டிப் போடவேண்டும், ஆனால் அநியாயத்துக்குக் கூட்டக் கூடாது. முக்கியமாக, வீட்டு விலாசம் எவருக்கும் சொல்லக் கூடாது. தனியாக இருக்கிற பொம்பிளை. பார்சலாகக் கட்டி பஸ்ஸில் கொடுத்துவிட்டால் போதும்.

பஸ்ஸில் கொடுப்பது அருந்ததிக்குத் தெரிந்த வித்தைதான். வன்னியில் மருந்திலிருந்து மோட்டார் சைக்கிள் சாமான் வரை அப்படித்தான் ஊர்ப் பயணம் போகும். பார்சலில் போன் நம்பரை எழுதி, சந்தியில் நின்று கையைக் காட்டி, கொண்டக்டரிடம் கொடுத்து, பஸ்ஸின் பெயரை வாங்குகிறவருக்குச் சொல்லிவிட்டால், அவர் தன் சந்தியில் நின்று எடுத்துக்கொள்வார்.

முதலில் இரசாயனவியல் போனது. பரந்தனில் நிஷாந்தன் என்றொரு பெடியன் கேட்டு, காசையும் முதலே அனுப்பிவிட்டான். மகள் சொன்ன எல்லாவற்றையும் அருந்ததி அச்சொட்டாகச் செய்தாள். பொலித்தீன் சுற்றி, நம்பரை இரண்டு பக்கமும் எழுதினாள். ஒட்டுகிற நேரத்தில்தான் மனம் கேட்கவில்லை. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு ஒரு பொருள் போகிறது, அதுவும் படிக்கிற பிள்ளைக்கு. வெறுமனே எப்படி அனுப்புவது? முற்றத்து மரத்தில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பழுத்துக் கிடந்தது. நல்ல கனிந்த பழமாக இரண்டைப் பார்த்துப் புத்தகத்துக்கு மேல் வைத்துக் கட்டினாள். பரந்தன் என்ன தூரம், பழம் வாடுமுன் போய்ச் சேர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டாள்.

கணக்கு பிழைத்தது. நிஷாந்தன் வகுப்பிலிருந்து ஓடிவருவதற்குள் பஸ் போய்விட்டது. பார்சல் டிரைவருக்குப் பக்கத்தில், கொதிக்கிற எஞ்சின் மூடியின் மேல் குந்திக்கொண்டு, ஆனையிறவு உப்புக்காற்றையும் வாங்கி, யாழ்ப்பாணம் போய்த் தங்கி, மறுநாள் திரும்பிப் பரந்தனில் இறங்கியது. பெடியன் படம் அனுப்பியிருந்தான். சேதன இரசாயனம் முழுக்க மஞ்சளாகக் கிடந்தது. "அன்ரி, பழம் நல்ல இனிப்பு. ஆனா பக்கங்களைப் பிரிக்கேலாமக் கிடக்கு" என்று எழுதியிருந்தான். மரியாதையான பிள்ளை. அருந்ததி வெட்கத்தில் செத்துப்போனாள். காசைத் திருப்பி அனுப்பிவிட்டு, பின்னேரம் மகளிடம் பயந்து பயந்து சொன்னாள்.

மறுபக்கத்தில் ஒரு சத்தம் வந்தது. அழுகிறாளோ என்று இவள் பதறினாள். அழவில்லை, சிரிக்கிறாள். "இரசாயனவியலுக்கு மாம்பழமோ அம்மா, ஐயோ" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்த சிரிப்பில் இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டு, அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பி நடந்தாள். நடக்கும்போதும் போனை வைக்கவில்லை.

மகள் சிரித்து அருந்ததி கேட்டு எவ்வளவு காலமாயிற்று. போன் அடங்கிய பிறகு அவள் கிணற்றடியில் போய் நின்று, அந்தச் சிரிப்பைத் தனக்குள் திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்போதுதான் அவளுக்கு ஒரு விசயம் பிடிபட்டது. ஒழுங்காகச் செய்த நாளில் மகள், "நல்லது அம்மா" என்று இரண்டே சொல்லோடு முடித்துவிடுகிறாள். பிழை விட்ட நாளில் பஸ் போய்ச் சேருமட்டும் பேசுகிறாள்.

ஆசை வெட்கமறியாது. அதற்குப் பிறகு அருந்ததி விட்ட பிழைகளைப் பார்த்தால் பள்ளிக்கூட வாசற்படலை காணாதவள் என்று நினைப்பீர்கள். படத்தைத் தலைகீழாகப் போட்டாள். பௌதிகவியலுக்கு உயிரியலின் படத்தைப் போட்டாள். பாடத்திட்ட ஆண்டை எழுத மறந்தாள். கிணற்றுக்கட்டின் எந்த மூலையில் எத்தனை மணி வெயில் விழும், நிழல் விழாமல் போனை எப்படிச் சரிக்கவேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அதற்குள் கைவந்துவிட்டது. ஆனாலும் பின்னேரமானால், "உந்தப் படத்தை எப்பிடியடி பிள்ளை நிமித்திறது?" என்று பச்சைக் குழந்தை மாதிரிக் கேட்பாள். மகள் ஏசுவாள். அந்த ஏச்சு தேனாக இருந்தது. பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்பார்கள். அருந்ததிக்கோ பொய் சொன்ன வாய்க்குத்தான் மகளின் குரல் கிடைத்தது.

இந்த நேரத்தில்தான் முள்ளியவளையிலிருந்து வினோஜா என்ற பிள்ளையின் செய்தி வந்தது. மூன்றாந்தரம் பரீட்சை எழுதுகிறாள். பகலில் ஒரு கடையில் வேலை, இரவில் படிப்பு. மாம்பழம் பட்ட இரசாயனவியலைத் தவிர மிச்சம் இருக்கிற எல்லாவற்றையும், உயிரியல் இரண்டு பகுதி, பௌதிகவியல், கடந்தகால வினாத்தாள், அப்படியே எடுக்கத் தயார். விலையும் பேரம் பேசவில்லை.

"அருமையான ஆள் அம்மா, குடுங்கோ" என்றாள் யதுர்ஷிகா. "அப்ப உதோட எல்லாம் முடியுது. உங்களுக்கும் கரைச்சல் இல்லை, எனக்கும் நிம்மதி."

முடியுது என்ற சொல்லைக் கேட்டதும் அருந்ததி, பார்சல் கட்ட எடுத்த நூலைத் திரும்பச் சுற்றி வைத்தாள். புத்தகம் போனால் பஸ் பயணமும் போய்விடும். மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை. மறுபடியும் சாப்பிட்டியளோ, குளிரோ, வேற என்ன. அன்றைக்கு அவள் செய்த காரியத்துக்கு அவளே பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். உயிரியல் இரண்டாம் பகுதியைத் தூக்கி, பொலித்தீன் சுற்றி, குசினியில் இருந்த அரிசிப் பெட்டிக்குள் புதைத்தாள். புதைத்துவிட்டு வினோஜாவுக்கு எழுதினாள்: "ஒரு புத்தகத்தைக் காணேல்லை பிள்ளை. தேடிப்போட்டுச் சொல்லுறன்." மகளுக்கும் அதையே சொன்னாள்.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் எதிர்பார்க்கவேயில்லை. மகள் தேடத் தொடங்கினாள். கனடா பஸ்ஸில் இருந்துகொண்டு உடையார்கட்டு வீட்டுக்குள் தேடினாள்.

"என்ர மேசைக்குப் பின்னால பாருங்கோ அம்மா. சுவருக்கும் மேசைக்கும் இடையில ஒரு நீக்கல் இருக்கும், நான் முந்தி அதுக்குள்ளதான் பாட்டுக் கொப்பி ஒளிக்கிறனான்."

"உங்க ஒண்டும் இல்லை பிள்ளை."

"சாமி அறையில? சோதினைக்கு முதல்நாள் சரஸ்வதி படத்துக்கு முன்னால வைச்சனாங்களே. அப்பா திருநீறு கொட்டி ஏச்சு வாங்கினவர்."

"ஓம், ஓம். அட்டை முழுக்கத் திருநீறு."

ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடம். கட்டிலுக்குக் கீழே இருக்கிற தகரப்பெட்டி. பின்கதவுக்குப் பக்கத்துத் தட்டு. மழை நாளில் ஒழுகாமல் இருக்கிற ஒரே மூலை, அதில் கதிரையைப் போட்டு இரவிரவாகப் படித்தது. மகள் அந்த வீட்டை விட்டுப் போனபோது ஒன்றையும் திரும்பிப் பார்க்கவில்லை என்றுதான் அருந்ததி இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். பார்த்தால், அவள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டல்லவா போயிருக்கிறாள். அருந்ததி போனைக் காதில் வைத்தபடி அறை அறையாக நடந்தாள். மகள் சொல்கிற இடமெல்லாம் உண்மையாகவே குனிந்து பார்த்தாள். அரிசிப் பெட்டியை மட்டும் கடந்து போனாள். அவ்வளவு சந்தோசமாக அவள் அந்த வீட்டுக்குள் நடந்து வெகுகாலம்.

வினோஜா இடைக்கிடை எழுதிக்கொண்டிருந்தாள். "கிடைச்சுதோ அன்ரி?" "இன்னும் இல்லை பிள்ளை." "பரவாயில்லை அன்ரி, ஆறுதலாத் தேடுங்கோ." அந்தப் பரவாயில்லை ஒவ்வொன்றும் முள்ளாகக் குத்தியது. நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பாள். பின்னேரம் போன் அடித்ததும் அந்த நினைப்பை இன்னுமொரு நாளைக்குத் தள்ளிப்போடுவாள்.

ஒரு போயா நாள், பௌர்ணமி விடுமுறை, கடைகள் பூட்டு. காலையில் படலையில் சைக்கிள் மணி மாதிரி ஒரு சத்தம். வினோஜா நின்றாள், படலைக் கொளுக்கியைத் தட்டிக்கொண்டு. மெலிந்த பிள்ளை, கையில் ஒரு பிளாஸ்ரிக் பை, முகமெல்லாம் வியர்வை. முகநூலில் கண்ட ஊர்ப்பெயரை வைத்து, புதுக்குடியிருப்பில் பஸ் மாறி, சந்தியில் இறங்கி, புத்தகம் விற்கிற அன்ரி வீடு எது என்று கேட்டு வந்திருக்கிறாள். விலாசம் சொல்லக் கூடாது என்ற பாடமெல்லாம் கனடாவுக்குச் சரி, உடையார்கட்டில் விலாசம் சந்திக்கடையிலேயே கிடைக்கும்.

"குறை நினைக்காதேங்கோ அன்ரி. நீங்கள் தனிய இருக்கிறியள் எண்டு சொல்லிச்சினம். தனியத் தேடக் கஷ்டமா இருக்கும், நானும் ஒருக்காத் தேடிப் பாக்கட்டோ எண்டுதான் வந்தனான்."

அருந்ததி படலையைத் திறந்துவிட்டாள். பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள், மளமளவென்று தேடத் தொடங்கினாள். கட்டிலுக்குக் கீழே தவழ்ந்து போனாள். அலுமாரியை மெல்ல நகர்த்தினாள். தலையெல்லாம் ஒட்டடை. கறையான் மண்ணைக் கையால் வழித்துக்கொண்டே சொன்னாள்:

"மற்றப் புத்தகங்கள் இரவல் வாங்கலாம் அன்ரி. இந்த ரண்டாம் பகுதிதான் ஒருத்தரிட்டையும் இல்லை. வற்றாப்பளை அம்மனுக்கு நேத்தி வைச்சிருக்கிறன், கிடைச்சா ஒரு வெள்ளி பொங்கிறன் எண்டு. அதுவரைக்கும் சும்மா இருக்கக் கூடாதெண்டு பழைய நோட்ஸையே திருப்பித் திருப்பி வாசிக்கிறன்."

அருந்ததிக்கு நின்ற இடம் சுட்டது. அம்மனைக் கூடக் காக்க வைத்துவிட்டேனே என்று தன்னையே ஏசிக்கொண்டாள். குசினிக்குள் போனாள். அரிசிப் பெட்டியைத் திறந்து, முழங்கை வரை கையை விட்டு, புத்தகத்தை இழுத்து எடுத்தாள். திரும்பினால் வாசலில் வினோஜா நிற்கிறாள்.

"அரிசிப் பெட்டிக்குள்ளையோ அன்ரி கிடந்தது?"

"நான்தான் பிள்ளை வைச்சனான்."

"கறையானுக்குப் பயந்து வைச்சுப்போட்டு மறந்திட்டியளாக்கும். எங்கட அம்மாவும் உப்பிடித்தான்." பிள்ளை புத்தகத்தை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு சிரித்தாள். ஒரு துளி சந்தேகம் அந்த முகத்தில் இல்லை. இருந்திருந்தால் அருந்ததிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தேத்தண்ணி கொடுத்தாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று பிடிவாதமாக நின்று, அரிசி கூடப் போட்டுச் சமைத்தாள். எல்லாப் புத்தகத்தையும் கட்டிக் கொடுத்தாள். காசை நீட்டியபோது, "ரண்டாம் பகுதிக்கு வேண்டாம் பிள்ளை, அந்தக் காசில அம்மனுக்குப் பொங்கு" என்று சொல்லிவிட்டாள். சந்திவரை கூடவே நடந்து போய் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினாள். அலுமாரித் தட்டு வெறுமையாக இருந்தது. புத்தகம் இருந்த இடங்களில் மட்டும் தூசி இல்லாமல் சதுரம் சதுரமாகத் தெரிந்தது.

பின்னேரம் போன் அடித்தது.

"அம்மா, ஒரு இடம் ஞாபகம் வந்தது. தையல் மெசினுக்குக் கீழ இழுப்பு லாச்சிக்குள்ள பாத்தனீங்களோ?"

"புத்தகம் கிடைச்சிட்டுது பிள்ளை. எல்லாத்தையும் குடுத்திட்டன்."

"எங்க கிடந்தது?"

அருந்ததி கதிரையில் இருந்தாள். பொய்யொன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள். "காணாமப் போகேல்லை. நான்தான் அரிசிப் பெட்டிக்குள்ள ஒளிச்சனான். படம் தலைகீழாப் போட்டதும் வேணுமெண்டுதான். எல்லாம் எனக்குத் தெரியும். புத்தகம் முடிஞ்சா நீ எடுக்கமாட்டாய் எண்டுதான் அப்பிடிச் செய்தனான்."

பஸ்ஸின் இரைச்சலுக்குள் மகள் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"நான் வேலையிலயும் புத்தகம் எங்கையெண்டுதான் யோசிச்சுக்கொண்டு நிண்டனான் அம்மா," என்றாள் மகள். குரலில் கோபம் இருந்தது. "ஒவ்வொரு அறையா யோசிச்சனான். நீங்கள் என்னை வைச்சு விளையாடியிருக்கிறியள்."

"பிழைதான் பிள்ளை. உன்ர குரலைக் கேக்கிறதுக்கு எனக்கு வேற வழி தெரியேல்லை."

"வழி தெரியாதது எனக்குத்தான்." கோபம் இறங்கியிருந்தது, அது வேறொன்றாக மாறியிருந்தது. "ஒவ்வொரு நாளும் இந்த பஸ்ஸில ஒரு மணித்தியாலம் சும்மாதான் இருக்கிறனான். ஒருத்தரோடையும் கதையில்லை. எத்தினை நாள் உங்கட நம்பரை எடுத்துப்போட்டு அடிக்காம வைச்சிருப்பன். அடிச்சா நீங்கள் அழுவியள் அம்மா. அழுகிற சத்தத்தைக் கேட்டுப்போட்டு நான் உள்ள போய்ச் சிரிச்ச முகத்தோட வேலை செய்ய ஏலாது. புத்தகக் கதை கதைச்ச நாளில ஒரு நாளும் நீங்கள் அழேல்லை. அதுதான் எடுத்தனான்."

அருந்ததிக்கு அது அடித்தது மாதிரி இருந்தது. மகளைத் தன் பக்கம் இழுக்கிறதென்று அவள் நம்பியிருந்த அழுகைதான் மகளைத் தள்ளி வைத்திருக்கிறது. யாராவது முன்னமே சொல்லியிருக்கலாம். யார் சொல்வது, வீட்டில் ஆளிருந்தால்தானே.

"நாளைக்கு எடுப்பியோ?" என்று கேட்டாள்.

"என்னத்தைக் கதைக்கிறது?"

"ஒண்டும் கதைக்க வேண்டாம். நீ பாட்டுக்கு இரு. நான் வெங்காயம் உரிப்பன், கோழியை அடைப்பன். நீ இறங்கேக்க வை."

அடுத்த நாள் பின்னேரம் போன் அடித்தது. அருந்ததி அதைக் குசினிச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு வெங்காயத்தை எடுத்தாள். இருவரும் அதிகம் பேசவில்லை. விளங்காத மொழியில் ஒரு பெண்குரல் தரிப்பிடங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தது. நடுவில் மகள், "என்ன கறி அம்மா?" என்றாள். இவள், "பருப்பு" என்றாள். வேறொன்றும் இல்லை. கண் கலங்கியபோது வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டு, சத்தம் வராமல் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இறங்கப் போறன் அம்மா. வைக்கிறன்."

"ஓம் பிள்ளை, பார்த்து இறங்கு."

வைத்த பிறகும் அருந்ததி கொஞ்சநேரம் பொறுத்திருந்தாள். மகள் வீதியைக் கடந்து, கதவைத் தள்ளிக்கொண்டு, வேலையிடத்துக்குள் போயிருப்பாள் என்று மனத்துக்குள் வழியனுப்பினாள். இனிக் கேட்காது என்று நிச்சயமான பிறகு, கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, தாராளமாக அழுதாள்.